றெகுலேற்றருக்குள் ஒரு பாகம் பழுதானால்: யாழ்ப்பாணத்துச் சுழியோடிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குருநகர், நாவாந்துறை, மண்டைதீவு, ஊர்காவற்றுறைப் பக்கங்களிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் பூட்டி இறங்குகிறவர்கள் றெகுலேற்றரை, அதாவது சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்செடுக்கத் தருகிற கருவியை, திருத்தக் கொண்டு வரும்போது என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. கழற்றிப் பூட்டுகிற வேலை என்னுடையது, இறங்குகிற உயிர் அவர்களுடையது. அதனால் ஒவ்வொருவருக்கும் நின்று சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடலுக்கடியில் றெகுலேற்றர் பழுதானால் காற்று ஒரேயடியாக நின்றுவிடுமா?

அநேகமாக நிற்காது. பெரும்பாலான பழுதுகளில் காற்று குறைவதில்லை, அளவுக்கு மிஞ்சி வருகிறது. நல்ல றெகுலேற்றரை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே எது உடைந்தாலும், எது தேய்ந்தாலும் வால்வு திறந்த பக்கம் போய் நிற்க வேண்டும், மூடிய பக்கம் போகக்கூடாது என்பதுதான் கணக்கு. காற்று வராமல் போகிற பழுதும் உண்டு. அது அரிது, அதற்குக் காரணமும் பெரும்பாலும் றெகுலேற்றருக்கு வெளியிலேயே இருக்கும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்ப உள்ளே என்னதான் நடக்கிறது?

நிறைத்த சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் இருக்கும். அதை நேரே வாயில் விட முடியாது. சிலிண்டர் கழுத்தில் பூட்டுகிற பகுதி, அதாவது முதற்கட்டம், அந்த 200 பாரைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தை விட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. இதை இடையழுத்தம் என்று சொல்வோம். அந்த இடையழுத்தக் காற்று ஹோஸ் வழியாக வந்து வாயில் வைத்திருக்கிற இரண்டாம் கட்டத்தின் வாசலில் காத்து நிற்கிறது. நீங்கள் மூச்சை இழுத்ததும் அங்கே இருக்கிற மெல்லிய டயபிரம் உள்ளே அமுங்கி ஒரு லீவரைத் தள்ளும். லீவர் வால்வைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வால்வு திறக்கிற திசை. காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம்தான் அதுவும் திறக்கிறது. காற்று எப்போதும் அதைத் திறக்கத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஸ்பிரிங் மட்டும் பிடித்து மூடி வைத்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் முறிந்தாலும் காற்று வெல்லும். பின்னால் அழுத்தம் கூடினாலும் காற்றுதான் வெல்லும். எப்படிப் பார்த்தாலும் திறந்தே நிற்கும். காற்றை எதிர்த்துத் திறக்கிற வால்வுள்ள சில பழைய வடிவங்களும் உண்டு. அவற்றில் அழுத்தம் கூடினால் வால்வு இன்னும் இறுகும், ஆகவே முதற்கட்டத்தில் தனியாக ஒரு அழுத்தம் விடுவிக்கும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பழைய செட் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அந்த வால்வு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

அண்ணை, வாயில் வைக்காமலே "ஸ்ஸ்" என்று சீறுகிறது. தட்டினால் நிற்கிறது. அப்படியே பாவிக்கலாமா?

பாவிக்க வேண்டாம். தட்டினால் நிற்கிற சீறல் நாளைக்குத் தட்டியும் நிற்காது.

இந்தச் சீறலுக்கு இரண்டு வேர் உண்டு. ஒன்று, இரண்டாம் கட்டத்தின் சீற், அதாவது வால்வு மூடும்போது உலோக விளிம்பில் அழுத்தி அடைக்கிற துண்டு, தேய்ந்திருக்கலாம், அல்லது சரியாக அமைக்காமல் விட்டிருக்கலாம். இது சின்னப் பழுது. மற்றது முதற்கட்டத்தின் சீற் தேய்வது. இதுதான் பெரிய விஷயம். முதற்கட்டம் முழுதாக மூடாமல் மெல்ல மெல்லக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். ஹோஸுக்குள் இடையழுத்தம் 10 பாரில் நிற்காமல் 11, 12 என்று ஏறும். இரண்டாம் கட்டத்தின் ஸ்பிரிங் தாங்க முடியாத அளவுக்கு வந்ததும் வால்வு தானே திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மூடும், பிறகு மறுபடியும் ஏறும். விட்டு விட்டுச் சீறுகிற றெகுலேற்றரைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

தேய்ந்த சீற்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் விஷயம் தெரியும். சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு கடினமான பிளாஸ்ரிக் துண்டு. அதன் முகத்தில், உலோக விளிம்பு வந்து அழுத்துகிற இடத்தில், வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். அந்தத் தடம் ஒரே சீராக இருந்தால் அது வழக்கமான தேய்வு. ஓரிடத்தில் வெட்டுப் போலக் கீறல் இருந்தால் ஏதோ ஒரு மணலோ உப்புக் கட்டியோ நடுவில் அகப்பட்டு நசிந்திருக்கிறது. 200 பார் காற்று வெளியே வர அந்தக் கீறலே போதும்.

இடையழுத்தம் ஏறுகிறதா என்று நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். காற்றுச் சட்டைக்கு (காற்றை நிரப்பி மிதப்பதற்குப் போடுகிற சட்டை) போகிற ஹோஸின் நுனியில் பூட்டுகிற சின்னக் கேஜ் ஒன்று விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை. அதைப் பூட்டி, சிலிண்டரை மெதுவாகத் திறந்து, இரண்டாம் கட்டத்தின் முகப்பில் இருக்கிற பேர்ஜ் பட்டனை (அமத்தினால் காற்றை வெளியே விடுவது) சில தடவை அமத்தி விடுங்கள். முள் கீழே இறங்கி மறுபடி மேலே போய் ஓரிடத்தில் டக்கென்று நிற்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து அசையக் கூடாது. சில நிமிடம் வைத்துப் பாருங்கள். முள் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் அந்த முதற்கட்டம் கடலுக்குப் போகக் கூடாது. வள்ளத்தில் நாலைந்து பேர் போகிறீர்கள் என்றால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கேஜ் போதும்.

சரி, கீழே இருக்கும்போதே அடங்காமல் சீறத் தொடங்கிவிட்டால்?

முதலில், அதைத் துப்பிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயாதீர்கள். அந்தச் சீறுகிற வாயிலிருந்தே, அதாவது இரண்டாம் கட்டத்திலிருந்தே, மூச்சு எடுக்கலாம். உதட்டால் இறுக்கிக் கவ்வ வேண்டாம். ஒரு பக்கம் திறந்தபடி பிடித்து, மிஞ்சுகிற காற்றை வெளியே போகவிட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்சுங்கள். முகத்தில் குமிழி அடிக்கும், கண்ணாடி ஆடும், சத்தம் காதைப் பிடுங்கும். ஆனால் காற்று வருகிறது என்பதை மனதில் வையுங்கள். பக்கத்தில் துணை இருந்தால் அவருடைய உதிரி வாயை (கூடுதலாகப் பூட்டியிருக்கிற இரண்டாம் கட்டத்தை) வாங்குங்கள். பிறகு மேலே ஏறத் தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2200 லீற்றர் காற்று. அமைதியாக மூச்சு விடுகிறவருக்கு 10 மீற்றர் ஆழத்தில் நிமிடத்துக்கு 40 லீற்றர் அளவில் போகும், ஐம்பது நிமிடம் தாங்கும். முழு வேகத்தில் சீறும்போது அதே சிலிண்டர் சில நிமிடங்களில் வெறுமையாகும். ஆழம் கூடக்கூட இன்னும் விரைவாக. சாமானைப் பொறுக்கி முடித்துவிட்டு ஏறுவோம் என்று நினைக்க நேரமில்லை. பறியை விட்டுவிட்டு ஏறுங்கள்.

ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பை விட இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். நம்முடைய கடல் ஆழமில்லைத்தானே என்று சொல்கிறவர்கள் இதைக் கேளுங்கள்: பாக்கு நீரிணையின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது, உண்மைதான். ஆனால் நெஞ்சு நிறைந்த காற்றை அடக்கினால் ஒன்றிரண்டு மீற்றர் ஏற்றமே காயம் உண்டாக்கப் போதும். மடங்குக் கணக்கில் பார்த்தால் அழுத்தம் மிகக் கூடுதலாக மாறுகிற இடம் இந்த முதல் 10 மீற்றர்தான். வாயால் "ஆ" என்று மெல்ல விட்டுக்கொண்டே, நிமிடத்துக்கு 9 மீற்றர் அளவில் ஏறுங்கள்.

மேலே வந்த பிறகு நெஞ்சு நோ, இருமலில் இரத்தம், கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல் எது இருந்தாலும் வள்ளத்தில் ஒட்சிசன் இருந்தால் கொடுத்து, படுக்க வைத்து, கரைக்கு வந்ததும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். "சிலிண்டர் பூட்டி இறங்கியவர்" என்று வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

வள்ளத்திலிருந்து குதித்ததும் சீறுகிறது, திருப்பிப் பிடித்தால் நின்றுவிடுகிறது. இதுவும் பழுதா?

இல்லை. வாய்ப்பக்கம் மேலே பார்த்தபடி தண்ணீரில் விழுந்தால் டயபிரம் ஆழத்தில் இருக்கும், நீரழுத்தம் அதை அமத்தும். ஓடத் தொடங்கிய காற்றும் டயபிரத்தை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாய்ப்பக்கத்தைக் கீழே திருப்புங்கள், அல்லது துளையை விரலால் ஒரு கணம் மூடுங்கள். நின்றுவிடும்.

காற்று வராமல் போகிற பழுது என்று சொன்னீர்களே, அது எப்படி வரும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

முதற் காரணம் பழுதே அல்ல, சிலிண்டரை முழுதாகத் திறக்காதது. கால் சுற்றுத் திறந்தால் வள்ளத்தில் இருக்கும்போது மூச்சு நன்றாக வரும். 10 மீற்றர் இறங்கியதும் ஒரு மூச்சுக்கு இரண்டு மடங்கு காற்று வேண்டும், அந்த இடுக்கால் அவ்வளவு வராது. இதைக் கரையிலேயே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜைப் பார்த்துக்கொண்டு வேகமாக நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் துள்ளி விழுந்து எழும்பினால் வழியில் எங்கோ அடைப்பு. வால்வை முழுதாகத் திறந்தும் முள் துள்ளினால் அடைப்பு பில்டரில்.

பில்டர் என்பது முதற்கட்டத்தின் வாசலில் இருக்கிற சின்ன உலோகத் துண்டு, சிலிண்டருக்குள் இருந்து வருகிற தூசை மறிப்பது. அதன் நிறமே கதை சொல்லும். செம்மண் நிறத்தில் இருந்தால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு. வெள்ளை அல்லது சாம்பல் தூள் என்றால் அலுமினியச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. பச்சை என்றால் முதற்கட்டத்துக்குள்ளேயே உப்புத் தண்ணீர் போய்ப் பித்தளையைத் தின்றிருக்கிறது. கறுப்பு என்றால் காற்று அடிக்கிற கொம்பிரசரின் பில்டரைப் பார்க்க வேண்டும். யாராவது றெகுலேற்றரைக் கொண்டுவந்து "இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது" என்றால் நான் ஸ்பிரிங்கைத் தொட முன்பு இதைத்தான் பார்ப்பேன். செம்மண் நிறம் கண்டால் றெகுலேற்றரைத் திருப்பிக் கொடுக்க முன்பு சிலிண்டரையும் கொண்டுவரச் சொல்வேன். துருச் சிலிண்டரோடு புதுப் பில்டரைப் போட்டு அனுப்புவது திருத்துவதாகாது.

அடுத்தது லீவர். இரண்டாம் கட்டத்துக்குள் லீவர் வளைந்தாலோ, அதைப் பிடித்திருக்கிற நட்டு கழன்றாலோ, டயபிரம் எவ்வளவு அமுங்கினாலும் வால்வு திறக்காது. இது ஒரே நாளில் வருவதில்லை. நட்டு மெல்ல மெல்லத் தளரும், லீவர் இறங்கும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். பழகிப் போய் நாங்கள் அதை உணரமாட்டோம். பேர்ஜ் பட்டனை வழக்கத்தை விட ஆழமாக அமத்தினால்தான் காற்று வருகிறது என்றால் லீவர் இறங்கிவிட்டது.

டயபிரம் பெரிதாகக் கிழிந்தாலும் இழுப்பு வேலை செய்யாது, காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் வரும். இங்கே ஒரு வழி இருக்கிறது. வால்வும் லீவரும் நன்றாகத்தான் இருக்கின்றன. பேர்ஜ் பட்டனை விரலால் அமத்தினால் அது லீவரைத் தள்ளும், காற்று வரும். அமத்தி அமத்தி மூச்செடுத்துக்கொண்டு ஏறலாம். இதை ஆழம் குறைந்த இடத்தில் ஒருமுறையாவது பழகி வையுங்கள்.

கடைசியாக ஹோஸ். வெளியே துணி போலப் பின்னிய சில ஹோஸ்களில் உள் குழாய் நாட்பட்டு, சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, உள்ளேயே பளிங்குக் கட்டிகள் உருவாகி வழியை அடைத்ததை உலகின் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். எங்கள் ஊர் வெக்கைக்குப் பழைய பின்னல் ஹோஸை நம்ப எனக்கு மனமில்லை.

ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் தண்ணீர் வருகிறது.

மூன்று இடம் பாருங்கள். வாய் ரப்பரில் கடித்த ஓட்டை இருக்கும், அல்லது அதைக் கட்டியிருக்கிற பட்டி அறுந்திருக்கும். காற்று வெளியே போகிற வால்வின் ரப்பர் ஓரம் மடிந்திருக்கலாம், அதற்கடியில் மணலோ கடற்சாதாழைத் துண்டோ சிக்கியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் டயபிரத்தில் ஊசித்துளை. சோதிப்பது சுலபம்: சிலிண்டரில் பூட்டாமல், முதற்கட்டத்தின் மூடியைப் போட்டுவிட்டு வாயால் இழுங்கள். எங்கிருந்தும் காற்று வராமல் நாக்கைப் பிடித்து நிற்க வேண்டும். மெல்ல வந்தால் கசிவு உண்டு.

முதற்கட்டத்தின் பக்கத்தில் குமிழி வருவதாகக் கூட வந்தவர் சைகை காட்டினார். அது என்ன?

குமிழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. சிலிண்டரோடு பூட்டுகிற முகத்தில் என்றால் அங்கே இருக்கிற ஓ-றிங் (கசிவை அடைக்கிற ரப்பர் வளையம்) கிழிந்திருக்கிறது. பெரும்பாலும் இறுக்கும்போது சரிந்து நசிந்திருக்கும். அது சில நேரம் துப்பாக்கி வெடித்தது போலப் பிய்த்துக்கொண்டும் போகும். பிஸ்டன் வகை முதற்கட்டத்தில் தண்ணீர் உள்ளே போய்வரும் துளைகளிலிருந்து வந்தால் பிஸ்டனின் ஓ-றிங் தேய்ந்திருக்கிறது. டயபிரம் வகையில் ஸ்பிரிங் இருக்கிற பக்கத்திலிருந்து வந்தால் பெரிய டயபிரம் கிழிந்திருக்கலாம். இவை எல்லாவற்றிலும் மூச்சு வந்துகொண்டே இருக்கும், காற்றுத்தான் வீணாகப் போகும். ஊசி போல மெல்லிய குமிழி என்றால் அன்றைய சுழியோடலை நிறுத்தி ஏறுங்கள். தடித்த குமிழி என்றால் சீறலுக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

ஹோஸ் வெடித்தால்?

எந்த ஹோஸ் என்பது முக்கியம். சிலிண்டர் அழுத்தம் காட்டுகிற கேஜுக்குப் போகிற ஹோஸில் 200 பார் இருக்கிறது, வெடித்தால் பயங்கரச் சத்தம் வரும். ஆனால் அதன் வாசலில் ஊசிமுனை அளவு துளைதான் உண்டு, ஆகவே சிலிண்டர் வற்றப் பல நிமிடங்கள் எடுக்கும். வாய்க்குப் போகிற ஹோஸில் அழுத்தம் 10 பார்தான். அதன் வழி அகலம் என்பதால் அது வெடித்தால் நிறைந்த சிலிண்டரும் ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடலாம். ஹோஸின் நுனியில் உலோகத்தோடு சேருகிற இடத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

சிலிண்டர் குறையக் குறைய இழுக்கக் கஷ்டமாகிறது. பழுதா?

சமநிலைப்படுத்தாத எளிய பிஸ்டன் முதற்கட்டம் என்றால் அது அதன் இயல்பு. சிலிண்டர் அழுத்தம் குறைந்தால் இடையழுத்தமும் சற்றுக் குறையும். சமநிலைப்படுத்திய வகை கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும், அதில் இழுப்பு மாறினால் பார்க்க வேண்டும்.

மகன் கடலட்டைக்குப் போகிறான். ஒரே ஒரு வாயோடுதான் இறங்குகிறான். நான் என்ன சொல்வது, தம்பி?

ஐயா, அவருக்கு இன்னொரு இரண்டாம் கட்டம் வாங்கிக் கொடுங்கள். மேலே எழுதிய பழுதுகளில் லீவர், டயபிரம், வாய் ரப்பர் எல்லாம் அந்த உதிரி வாய் இருந்தால் சின்னக் கரைச்சலாக முடிந்துவிடும். முதற்கட்டத்திலேயே பழுது என்றால் இரண்டு வாயும் ஒன்றாகப் போகும், அதற்குத் துணை ஆள் வேண்டும், அல்லது தன் சொந்த றெகுலேற்றரோடு ஒரு சின்ன உதிரிச் சிலிண்டர் வேண்டும். தனியாக, அதுவும் இருட்டில், ஒரே வாயோடு இறங்குவது எந்த விலைக்கும் சரிவராது. இதை அவரிடம் நீங்கள் சொன்னால் கேட்பார், நான் சொன்னால் வியாபாரம் என்று நினைப்பார்.

ஓ-றிங்குக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? மோட்டார் சைக்கிள் கடையில் அதே அளவு ஓ-றிங் இருக்கிறதே?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் காறிப் பிசினாகும், தூசைப் பிடிக்கும், அந்த மணம் மூச்சிலும் வரும். சாதாரணக் கிறீஸ், வாசலீன் சில ரப்பர்களை ஊதப் பண்ணும். சுழியோடல் கருவிக்கென்று வருகிற சிலிக்கோன் கிறீஸை விரல் நுனியில் பளபளப்புத் தெரிகிற அளவு தொட்டால் போதும். ஓ-றிங் அளவு ஒன்றாக இருந்தாலும் கடினம் ஒன்றாக இராது. சிலிண்டர் முகத்தில் இருக்கிறது 200 பாரைத் தாங்குகிற கடின ரகம்; மெதுவான ரகத்தைப் போட்டால் இடுக்கால் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

தீவுகளில் கிணற்றுத் தண்ணீரே உவர். எதில் கழுவுவது?

இது எங்களுக்கே உரிய பிரச்சினை. உவர்த் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு மறுபடியும் உள்ளேயே படியும். பௌசரில் வருகிற தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு வாளி போதும். முதற்கட்டத்தின் மூடியைத் துடைத்து இறுக்கிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். தெளித்துவிட்டால் உப்புக் கரையாது. ஊறும்போது பேர்ஜ் பட்டனை அமத்த வேண்டாம். அமத்தினால் வால்வு திறந்து தண்ணீர் ஹோஸ் வழியே முதற்கட்டம் வரை போகும். மேலே சொன்ன பச்சைப் பில்டருக்கு நான் கண்ட முதற் காரணம் இதுதான். பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். வள்ளத்தில் உச்சி வெயிலில் கிடக்கிற ரப்பர் நிலைக்காது.

வீடியோக்களில் றெகுலேற்றர் உறைந்து சீறுவதைப் பார்த்தேன். இங்கே நடக்குமா?

அது குளிர்நாட்டுக் கரைச்சல். எங்கள் கடலில் உறையாது. உப்பும் சேறும்தான் எங்கள் எதிரி. வாடைக்காற்றுக் காலத்தில் கலங்கிய தண்ணீரில் இறங்குகிறவர்கள் அடிக்கடி கழுவ வேண்டும்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும்? நானே செய்யலாமா?

விடுமுறைக்குச் சுழியோடுகிறவர்களை மனதில் வைத்துத் தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, சிலர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள். தினமும் இறங்குகிற தொழிலாளிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. சோளகம் தொடங்க முன்பு ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை பார்ப்பது நல்லது. வாய் ரப்பர், பட்டி, ஹோஸ், முகத்து ஓ-றிங் ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். முதற்கட்டத்தைத் திறப்பதற்கு அந்த மாடலின் பாகப் பெட்டியும், இடையழுத்தக் கேஜும், பழகிய கையும் வேண்டும். சீற் அடிக்கிற உலோக விளிம்பில் ஸ்குறூட்றைவர் ஒரு கீறல் போட்டால் எத்தனை புதுச் சீற் போட்டாலும் அது மூடாது.

வள்ளத்தில் என்ன உதிரிப் பாகங்கள் வைத்திருக்க வேண்டும்?

வாய் ரப்பர் ஒன்று, பிளாஸ்ரிக் பட்டி சில, சிலிண்டர் முகத்து ஓ-றிங் சில, இடையழுத்தக் கேஜ் ஒன்று, ஒரு சின்னப் போத்தலில் நல்ல தண்ணீர். இவற்றை ஈரம் புகாத டப்பாவில் போட்டு இயந்திரத்து எண்ணெய்க்குத் தூரமாக வையுங்கள். இவற்றால் தீராத எந்தப் பழுதையும் வள்ளத்தில் வைத்துத் திருத்த முயல வேண்டாம். அந்த றெகுலேற்றரை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள், அவசரத்தில் இன்னொருவர் எடுத்துப் பூட்டாமல் இருக்கட்டும்.